பெயரும் பிணையும்

எழுத்தின் வாயிலாகத் தமக்கெனத் தனிப்பெயர் ஒன்றை நாட்டிக்கொள்ள வேண்டும் என்னும் ஆர்வம் இன்று நம் இளைஞரிடையே பெருகி வருகின்றது. கைப்பேசியில் நாள்தோறும் பத்து வரியேனும் எழுதி வெளியிட வேண்டும். உள்ளத்தைத் திறந்து பேசுபவராகத் தோன்ற வேண்டும். அவ்வாறு செய்துவந்தால், சில ஆண்டுகளில் உலகம் நம்மை ஒரு துறையின் சிந்தனைத் தலைவராக ஏற்கும். வேலையும் வருவாயும் தாமே தேடிவரும் என்றெல்லாம் அவர்களுக்குச் சொல்லித் தரப்படுகின்றது. இதற்குப் 'பெர்சனல் பிராண்டு' என்று பெயராம். சவர்க்காரத்திற்கும் தீப்பெட்டிக்கும் இருந்த வணிக முத்திரை இப்போது மனிதருக்கும் வந்துவிட்டது போலும்!

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்தில் பணிபுரியும் நம்மிடமும் படித்த பிள்ளைகள், "எழுதிப் பெயர் வாங்க நினைப்பது தவறா, சாமி?" என்று கேட்பதுண்டு. தவறன்று என்பதே நம் விடை. செல்வாக்குள்ள உறவினர் எவருமில்லாத ஒரு நெசவாளியின் மகனுக்கும், கரிசற்காட்டில் களை எடுப்பவரின் மகளுக்கும், தம்மை உலகிற்கு அறிமுகம் செய்துகொள்ளச் சொந்த எழுத்தைவிட நேர்மையான வழி வேறெது? ஆயினும் அந்தப் பெயர் எதன்மேல் நிற்கின்றது என்பதை நாம் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வூரிலேயே அதற்கு ஒரு பாடம் உண்டு. பால்வண்ணநாதர் கோயில் கொண்ட இவ்வூரைத் தமிழ் நூல்கள் 'கருவை' என்று வழங்குகின்றன. 16-ஆம் நூற்றாண்டில் தென்பாண்டி நாட்டிலிருந்த பாண்டிய மரபினருள் வரதுங்கராமரும் அதிவீரராமரும் பெரும்புலவர்கள். இவ்வூரைப் பாடிய திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதியைத் தமிழறிந்தோர் 'குட்டித் திருவாசகம்' என்று போற்றினர். ஆனால் அதைப் பாடியவர் அதிவீரராமர் என்பார் சிலர். வரதுங்கராமரே என்பார் வேறு சிலர். அரசர்க்கே உரிய அரியணையும் விருதுகளும் இருந்தும், ஆசிரியர் பெயர் ஐயத்திற்கு உள்ளாகிவிட்டது. ஐயத்திற்கு இடமின்றி நிலைத்து நிற்பது நூலே.

இதே ஊரில் நிகழ்ந்த மற்றொன்றையும் நினைவுகூர்வோம். வரதுங்கராம பாண்டியரின் ஏட்டுச்சுவடிகள் இக்கோயிலில் இருந்தன என்று கேள்வியுற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி இங்கு வந்தார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட வேண்டும் என்னும் எண்ணத்தால், அவை அனைத்தும் எரிக்கப்பட்டுவிட்டன என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. மாற்றுச் சமயத்தார்மேல் குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. கரையானுக்கு இரையான பழம் பதிவேடுகள் நம் கோயில் அலமாரிகளிலும் இல்லாமற் போகவில்லை. நாம் கருதுவது வேறு. எரிந்த ஏடுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிகின்றதே, எவ்வாறு? தாம் சென்ற ஊர், கேட்ட சொல், அடைந்த துயரம் ஆகியவற்றை ஐயரவர்கள் உள்ளது உள்ளபடி எழுதி வைத்தமையால் அன்றோ! 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 85-ஐ எட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னரே சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் பதிப்பித்து முடித்திருந்தார். முதலில் உழைப்பு; பின்னர் எழுத்து; அதன்பின் மக்களின் நம்பிக்கை; எல்லாவற்றிற்கும் கடைசியில் பெயர். இன்று கற்பிக்கப்படுவதோ இதன் தலைகீழ் வரிசை.

நம்மவருள் ஒருவரையும் காண்போம். திருச்சிராப்பள்ளிக்கு அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கக் குடும்பத்தவர், முன்சீபாகப் பணியாற்றியவர். வழக்காட வருவோர் தமிழ் மட்டுமே அறிந்திருக்க, உயர்நீதிமன்றத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. அத்தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் சித்தாந்த சங்கிரகம் என்று வெளியிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் போதா என்று கண்டு 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் தந்தார். லஞ்சத்தைக் கண்டித்தார், பெண் கல்விக்காக வாதாடினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பஞ்சத்தில் தம் பொருளைக் கொண்டு பசித்தவர்க்கு உணவளித்தார். அதனைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். வேதநாயகரைச் சிந்தனைத் தலைவர் என்றால் அது முற்றிலும் பொருந்தும். ஆனால் அவர் புகழைத் தேடி எழுதத் தொடங்கினாரா? தம் மேசைக்கு முன் நின்ற எளியவனுக்கு எது இல்லை என்று பார்த்தார், அதை எழுதினார். பசித்தவனுக்குச் சோறிட்ட கையும் நீதிநூல் எழுதிய கையும் ஒன்றாயிருந்தமையால் அவர் சொல்லுக்கு எடை கூடியது.

அப்படியானால் எழுதுவோர் தம் பெயரை மறைத்துக்கொள்ள வேண்டுமா என்னும் ஐயம் எழலாம். திருமறையில் இருவகையும் உண்டு. நற்செய்தியாளர் லூக்கா, யாவற்றையும் தொடக்கமுதல் கவனமாக விசாரித்து எழுதுவதாக முன்னுரை வரைகின்றார். யாருக்காக எழுதுகின்றார் என்பதையும் சொல்கின்றார். தம் பெயரை மட்டும் சொல்லவில்லை. புனித சின்னப்பரோ தம் பெயரைச் சொல்லியே திருமுகங்களைத் தொடங்குகின்றார். கலாத்தியருக்கு எழுதியதன் முடிவில், பெரிய எழுத்துகளாய்த் தம் கையாலேயே எழுதுவதைச் சுட்டிக் காட்டுகின்றார். தம் பெயரால் பொய்த் திருமுகம் உலவக்கூடும் என்று தெசலோனிக்கரை எச்சரிக்கும் திருமுகத்தில், தம் கையெழுத்தே அடையாளம் என்கின்றார். அவர் பெயரிட்டது விளம்பரத்திற்காக அன்று. சொன்ன சொல்லுக்குத் தாமே பொறுப்பு என்பதற்காக.

நம் ஊர்களில் கடன் பத்திரத்தில் பிணைக் கையெழுத்து இடுவதை நாம் அறிவோம். கையெழுத்திட்டவர் பின்னர், "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்க முடியாது. எழுத்தின் அடியில் இடும் பெயரும் அத்தகையதே. "இது பொய்யானால் என்னை வந்து கேளுங்கள்" என்பதே அதன் பொருள். பெயரைக் கொடிபோல் உயர்த்துவோர் பலர். பிணையாக வைப்போர் சிலர்.

பிணையில்லாத எழுத்தால் உயிருக்கே கேடு வரலாம். சென்ற கோடையில் நம் பங்கில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு பரவியபோது, அழகிய படத்தோடும் கவர்ச்சியான பெயரோடும் ஒரு செய்தி கைப்பேசிதோறும் உலவியது. அதில் சொல்லப்பட்ட உப்பின் அளவு மிகுதி. அளவு மீறிய உப்பு பச்சிளங் குழந்தைக்குப் பேராபத்து. எழுதியவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. அவ்வேளையில், செவிலியராகப் பணிபுரியும் நம் பங்குப் பெண்ணொருத்தி ஒரு பக்கம் எழுதிக் கொணர்ந்தாள். கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை 6, உப்பு அரைத் தேக்கரண்டி. குழந்தை சோர்ந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்க. இவ்வளவே. அடியில் தன் பெயரையும், எந்நேரத்தில் தன்னை வீட்டில் காணலாம் என்பதையும் எழுதியிருந்தாள். நடையில் அலங்காரம் எதுவுமில்லை. ஆனால் இன்று நம் தெருக்களில் நோய் என்றால் தாய்மார் அவளிடம் போய்க் கேட்கின்றனர். தேடாமலே வந்த தலைமை இது.

இக்காலத்தில் இயந்திரமே எழுதித் தருகின்றது. இரங்கற்பா முதல் மறைக்கல்விப் போட்டிக் கட்டுரை வரை நொடியில் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே முகச்சாடை. பிறர் உதவியைக் கொள்வதே தவறென்று நாம் சொல்லோம். உரோமையருக்கு எழுதப்பட்ட திருமுகத்தைச் சின்னப்பர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்த்தியு. அவரும் அதிலேயே தம் பெயரைச் சொல்லி வாழ்த்துகின்றார். எழுதிய கை வேறாயினும், கருத்துக்குப் பொறுப்பேற்றவர் ஒருவர் இருந்தார். தான் காணாததைக் கண்டதாகவும், படாத துயரைப் பட்டதாகவும் எழுதுவித்து அதன்கீழ்த் தன் பெயரை இடுவது, இல்லாத நிலத்திற்குப் பட்டா எழுதுவதை ஒக்கும்.

ஆகவே எழுத விரும்பும் பிள்ளைகளுக்கு நாம் கூறுவது சிலவே. உங்கள் கை அறிந்ததை எழுதுங்கள். தறியும் பூச்சந்தையும் எலுமிச்சைத் தோட்டமும் உங்களுக்குத் தெரிந்த அளவு நகரத்து அறிஞருக்குத் தெரியா. நாளும் இடமும் அளவும் குறிப்பிடுங்கள். கேட்டறிந்ததை யாரிடம் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஒருவரைப் பற்றி எழுதினால், வெளியிடுமுன் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிழை நேர்ந்தால், முன்பு எழுதிய இடத்திலேயே திருத்துங்கள். பாராட்டியோர் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டு, யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். வீட்டு முதியவரிடம் பிள்ளைகளை அமர்த்தி, அவர் கண்ட பஞ்சம், மழை, பயிர், வேலை ஆகியவற்றை மாதம் ஒரு பக்கம் எழுதச் செய்யுங்கள். தேதியிட்டு, சொன்னவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் சேர்த்து, கரையான் அணுகாத இடத்தில் வையுங்கள். உலகம் அதைப் படிக்குமோ படியாதோ. உண்மையைத் தேடி நாளை உங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வரும்போது, எரிந்துபோயிற்று என்று சொல்ல நேராது.