லெகோவில் ஒரு குளக்கரை

மகளின் லெகோ டப்பாவைக் கவிழ்த்து, முதன்முதலாக நானே ஒரு குட்டிக் குளக்கரை கட்டினேன். வீடு கட்டுவது சுலபம், சுவர் நேராக நின்றால் போதும். குளக்கரைக்கு நேர்கோடே ஆகாது. கைகொடுத்தவை தட்டைத் துண்டுகள்தாம். செங்கல் துண்டின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தட்டை 3.2. மூன்று தட்டை சேர்ந்தால் ஒரு செங்கல். அந்தச் சின்னச் சின்ன ஏற்றத்தில்தான் சரிவு சரிவாகத் தெரிகிறது.

அடியில் பழுப்பும் கரும்பச்சையும் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற நீலத் துண்டுகளை வைத்ததும் தண்ணீருக்கு ஆழம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை வைத்தால் பிளாஸ்டிக் என்று காட்டிக்கொடுத்துவிடும். (பிளாஸ்டிக்தான், அது வேறு விஷயம்!) கரையில் நிறுத்த நினைத்த கொக்குக்குத்தான் வெள்ளைத் துண்டு போதவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் டப்பா தூங்கினால் இறக்குங்கள். உள்ளங்கை அகலத்தில் தொடங்குங்கள், காடெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.