மாலியின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டு ஐரிஸ் செடிகள் அழுகிப்போனதற்குக் காரணம் நான். வீட்டில் எல்லோரிடமும், தோட்டவேலை செய்யும் மாலி கண்டபடி தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்று சொன்னேன். அதற்காக அவரை வேலையை விட்டு நிறுத்தியபோதும் நான் வாய் திறக்கவில்லை.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் வீடு. வாசலில் வெயில் விழும் ஒரு பாத்தி. அதில் மாமியார் கனகாம்பரமும் மருவும் வளர்த்துவந்தார். காலிம்போங் போயிருந்தபோது தாடி ஐரிஸின் ஊதாப் பூவைப் பார்த்து ஆசைப்பட்டுக் கிழங்குகள் வாங்கி வந்தேன். கனகாம்பரத்தைப் பிடுங்கிவிட்டு அவற்றை நட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. வில்லியம் கேரி 1820இல் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் அலிப்பூர் மலர்க் கண்காட்சியில் பார்த்த டேலியாக்கள் வேறு மனத்தை விட்டுப் போகவில்லை. ஐரிஸுக்குத் துணையாக டேலியாவையே நெருக்கி வைத்தேன்.

இதைவிடப் பொருந்தாத துணை கிடையாது. தாடி ஐரிஸின் கிழங்கு மண்ணுக்கு மேலே முதுகு தெரியக் கிடந்து வெயில் காய வேண்டும். ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் நடுவே மண் உலர வேண்டும். பக்கத்தில் வளர்வது அதை மூடக் கூடாது. அதிகம் குடிக்கவும் கூடாது. டேலியாவோ ஓயாமல் தண்ணீர் கேட்கும். போதாததற்கு இந்த ஊர் வழக்கப்படி கடுகுப் பிண்ணாக்கை நாள்கணக்கில் ஊறவைத்து அந்தத் தண்ணீரையும் விடுவோம். தழைச்சத்து மிகுந்தால் ஐரிஸ் கொழுகொழுவென்று இலைவிடும். அந்த இளக்கத்தில் அழுகல் நோய்க் கிருமி சுலபமாக ஏறிவிடும்.

மாலி ஒடிசாக்காரர். "மா, இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள். இதற்குப் பிண்ணாக்குத் தண்ணீர் ஆகாது" என்று முதலிலேயே சொன்னார். சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். செய்தார். டேலியா முடிந்ததும் வெற்று மண்ணைப் பார்க்கப் பொறுக்காமல் காசித்தும்பையை விதைக்கச் சொன்னேன். மழை பிடிப்பதற்குள் அது தழைத்துக் கிழங்குகளை மூடிவிட்டது.

ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர், களிமண் வேறு. ஆடி மாதத்தில் நாற்றம் எடுத்தது. தொட்டால் கிழங்கு கூழாகக் கையோடு வந்தது. கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். மாமியார் அருகில் நின்றிருந்தார். அவருடைய கனகாம்பரத்தை எதற்காகப் பிடுங்கினேன் என்ற கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில், குழாயடியில் நின்ற மாலியைக் கைகாட்டினேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், மறுத்துப் பேசவில்லை. அவர் பேச்சை அந்த வீட்டில் யார் நம்பியிருப்பார்கள்? அது எனக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

கிழங்குகள் வாங்கி வந்த அன்றே அவர் இன்னொன்றும் சொன்னார்: ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி வைத்த பூ ஒன்று உண்டு, இந்த மண்ணையும் மழையையும் தாங்கும், கொண்டுவந்து தருகிறேன் என்று. சாதாரணச் செடி என்று ஒதுக்கினேன். பெலம்காண்டா என்று தனிப் பேரினமாக வைத்திருந்த அந்தச் செடியைத் தாவரவியலாளர்கள் 2005இல் ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். நான் தேடி அலைந்த ஐரிஸை அவர் கையில் கொடுக்க வந்திருக்கிறார். இப்போது மேட்டுப்பாத்தி கட்டி அதைத்தான் வைத்திருக்கிறேன். அடியில், மழைக்குப் பூக்கும் மழை அல்லி. ஓரத்தில் மறுபடியும் கனகாம்பரம்.

பக்கத்துத் தெரு மாலிகளிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். பாலேஸ்வர் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டாராம். ஊர்ப் பெயர் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த மாதச் சம்பளத்தைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் இன்றும் அவரைத்தான் குற்றவாளியாக நினைக்கிறார்கள். இது அச்சாகி வருவதற்கு முன்பே, மாமியாரிடம் முதலில் சொல்லப்போகிறேன்.