சாம்பிராணிப் புகையும் ஒரு பிளாஸ்டிக் தொப்பியும்

எங்கள் வீட்டு அலாரத்துக்குத் தொப்பி மாட்டி வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நாகல் நகரில் பழைய ஓட்டு வீட்டில் இருந்தவரை இந்த அலாரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. என் முழங்கால் வலியை உத்தேசித்து, லிஃப்ட் உள்ள அடுக்குமாடிக் கட்டிடத்தில் மூன்றாம் மாடிக்குக் குடி வந்தோம். ஹால் கூரையில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்று இருந்தது. உள்ளே சின்ன விளக்கொளி. புகை நுழைந்து அந்த ஒளியைச் சிதறடித்தால், மாடிப்படியில் உள்ள மணி கட்டிடம் முழுவதற்கும் அலறும். வீட்டுக்கு வீடு காவல்காரன் இருப்பதாக எங்க வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை!

மகள் பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் தலைக்கு ஊற்றிவிட்டு, சாம்பிராணி போடாமல் இருக்க முடியுமா? போட்டால் மணி அலறும், பிள்ளை தூக்கிவாரிப் போட்டு வீறிடும். மிளகாய் வறுத்தாலும் இதே கதைதான். எதிர் வீட்டு அம்மாள், "என்ன மதினி, இன்னைக்கும் பேரனுக்குத் தலைக்கு ஊத்தினீங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்குத்தான் குறுகுறுக்கும். ஒரு நாள் ஸ்டூல் போட்டு இவரை ஏறச் சொல்லி, குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அதன் மேல் மாட்டச் சொன்னேன். அப்புறம் வீடு அமைதியோ அமைதி.

ஒரு மழை ராத்திரி. மணி இரண்டரை இருக்கும். மாடிப்படி மணி அடித்தது; ஒரு நிமிஷம்கூட இல்லை, தானே நின்றுவிட்டது. 'எவளோ பாலைப் பொங்க விட்டுட்டா' என்று புரண்டு படுத்தேன். மறுநாள் விசாரித்தபோது, கட்டிடத்தில் அத்தனை பேரும் அப்படித்தான் புரண்டு படுத்திருக்கிறார்கள்!

பிள்ளை பாலுக்கு அழுததால் மகள் எழுந்தாள். "அம்மா, ரப்பர் கருகுற வாசனை வரல?" என்றாள். கதவைத் திறந்தால் முன்படியில் மூட்டமாகப் புகை ஏறுகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பேரனை வாரி எடுத்துக்கொண்டு நேரே லிஃப்டுக்கு ஓடினேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "லிஃப்ட் வேண்டாம்மா! திருச்சி ரோடு ஆஸ்பத்திரி ஞாபகம் இல்லையா?"

எப்படி மறக்கும்? 2024 டிசம்பர் 12 அன்று இரவு, நம் திண்டுக்கல் திருச்சி சாலையில் சிட்டி மருத்துவமனையில் தீப்பிடித்ததே. கீழ்த்தளத்தில் பிடித்தது நெருப்பு. மாடிகளுக்கு ஏறியது புகை. ஒரு சிறுமி உட்பட ஆறு பேர் மாண்டார்கள். லிஃப்டுக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்களை மீட்டார்கள் என்று படித்தபோது, அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்ட நானே, அவசரத்தில் கால் போன வழியில் லிஃப்டைத் தேடி ஓடியிருக்கிறேன்.

கதவைச் சாத்தி, பின்பக்கப் படியில் இறங்கினோம். கீழே வந்தால் கதவில் பூட்டு. பூட்டுக்குப் பேர் போன ஊர் அல்லவா, நம் ஊர்ப் பூட்டு அவ்வளவு லேசில் உடையுமா! திருடனுக்குப் பயந்து போட்டது. சாவியோ வாட்ச்மேன் இடுப்பில். அவர் ஓடி வந்து திறப்பதற்குள் எனக்கு ஒரு யுகம் போனது. மீட்டர் பெட்டியில்தான் ஒயர் கருகியிருந்தது. கரண்டு உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றக்கூடாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். 101-க்குச் சொல்லி தீயணைப்பு வண்டி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அலாரத்தைப் பார்க்க வந்த மெக்கானிக் தம்பி கீழேயுள்ள பெட்டியைத் திறந்து காட்டினார். கரண்டு போனால் மணியை ஓட்ட வேண்டிய பேட்டரி எப்போதோ செத்திருந்தது. மீட்டர் கருகியதும் கரண்டு போச்சு, மணியும் ஓய்ந்து போச்சு. அப்புறம் எங்கள் வீட்டுக்குள் வந்து நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அதுக்குச் சாம்பிராணியும் தெரியாது, தீயும் தெரியாதும்மா. புகைன்னா புகைதான்" என்றார். அடுப்படிக்குப் புகையைக் கண்டு கத்துவது சரிப்படாதாம். சூடு சுமார் 57 டிகிரி ஏறினால் கத்துகிற வேறு வகை உண்டாம். கேஸ் கசிந்தால் இரண்டுமே வாயைத் திறக்காது. அதற்குத் தனிக் கருவி; கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் அதைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும். பத்து வருஷம் ஆனால் புகைக் கருவியையே மாற்றிவிட வேண்டும். தூசி அடைத்தாலும் ஒட்டடை கட்டினாலும் கோளாறு. மாதம் ஒரு தரம் சோதனை பட்டனை அழுத்திப் பார்க்கணும். தூங்குகிறவர்களுக்குப் புகை வாசனை எட்டாது, மூச்சுத்தான் அடைக்கும். அதனால்தான் சத்தம் தேவைப்படுகிறது என்றும் சொன்னார்.

நான் செய்த தப்பைப் பெரிய இடங்களிலும் செய்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 9 அன்று கல்கத்தாவில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. நச்சரிப்புத் தாங்காமல் வாயை அடைத்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை போலும்!

இப்போது எங்கள் கட்டிடத்தில் பேட்டரி புதிது. பின்படிக் கதவில் பூட்டில்லை, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற தாழ்ப்பாள். மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு மணியை அடித்துப் பார்க்கிறோம். எதிர் வீட்டு அம்மாளும் நானும் படியில் இறங்கிப் பார்க்கிறோம். என் முழங்கால் முணுமுணுக்கிறது.

தொப்பி மகளிடமே திரும்பிப் போய்விட்டது. பேரனுக்குச் சாம்பிராணி பால்கனியில்தான். காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் புகையெல்லாம் என் கண்ணுக்குத்தான் வருகிறது.