பழம்பொருட் கடையிற் கண்ட ஏடு

காலிக் கோட்டையைக் காணச் சென்றவிடத்தேதான் பழம்பொருள் விற்குங் கடையொன்றினுள் நாம் முதன்முறையாகப் புகுந்தோம். ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டுக்கள், பித்தளைப் பூணிட்ட பெட்டகங்கள், குத்துவிளக்குகள்! நம்மூர்ப் பரண்களிலே தூசி படிந்து கிடப்பவை ஈண்டுக் கண்ணாடிப் பேழையுள் வீற்றிருந்தன. விலையைக் கேளாதிருத்தலே நலம்.

ஒரு மூலையிற் சில ஏடுகள் கிடந்தன. பெரும்பாலானவை அகன்ற தாளிப்பனையோலையிற் சிங்களத்தில் எழுதப்பெற்றவை. அவற்றிடையே ஒடுங்கிய பனையோலைகள் சில. எடுத்துப் பார்த்தோம், தமிழ்! ஓலை கிழியுமென்று புள்ளியிடாது எழுதுவது பழையோர் வழக்கமாதலின் மெய்யெது, உயிர்மெய்யெது எனத் தடுமாறியே படித்தோம். சுக்கு, மிளகு, திப்பிலிக்குக் கழஞ்சுக் கணக்குக் கூறும் வாகடம் அது. எந்நோய்க்கு மருந்து என்பது முந்திய ஏட்டில் இருந்திருத்தல் வேண்டும்.

"இதற்கு முன்னுள்ள ஏடு எங்கே?" என்றோம்.

"அது போன மாதமே விலைப்பட்டுவிட்டது, சேர். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள்" என்றார் கடை முதலாளி. நல்ல மனிதர், தேநீரும் தந்தார். நாம் படித்துக் காட்டியபோது, அஃது ஒரு மருந்தென அறிந்து வியந்தார்.

சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றியமையை வகுப்பிலே எத்தனையோ முறை கூறியுள்ளோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏடுகள் எரிந்தமையையும் கூறியுள்ளோம். ஒவ்வோர் ஏடாகப் பிரிந்து சுவரேறும் அழிவை அன்றுதான் கண்டோம்.

எஞ்சிய பதினோரேட்டையும் வாங்கிவந்து கல்லூரி நூலகத்திற் சேர்த்துள்ளோம். பழைய மாணவர் எவரது வீட்டுப் பரணிலேனும் ஏடிருப்பின், கட்டவிழ்க்காமல் எமக்கு ஒரு வரி எழுதுக. நாமே வந்து படித்துத் தருவோம்.