செஞ்சினு வரேன்

திருப்பதியில் ஒரு நேர்காணல். ஆங்கில ஆசிரியர் பணிக்கானது. "ஹௌ லாங் ஹேவ் யூ பீன் லிவிங் இன் சித்தூர்?" என்று கேட்டார்கள். "ஐ ஆம் லிவிங் தேர் சின்ஸ் ட்வென்ட்டி டூ இயர்ஸ்" என்றாள் அவள். மேசைக்கு அப்பால் ஒருவர் மெல்லச் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை. அந்த வாக்கியம்தான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சிரிப்பு சித்தூர்ப் பேருந்தில் அவளோடு ஊர்வரை வந்தது.

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது சித்தூர். இன்றும் பல வீடுகளில் தமிழே பேச்சு. அவள் வீட்டிலும் தமிழ். படித்த பள்ளியில் தெலுங்கு. 'இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வதில் இரு மொழிகளுக்கும் தடையில்லை. ஆங்கிலமோ, நேற்றுத் தொடங்கி இன்றும் நீள்வதை வெறும் நிகழ்காலத்தில் சொல்ல விடுவதில்லை. 'ஹேவ் பீன்' கேட்கும். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்' என்று பிரிக்கும். விதி அவளுக்கு மனப்பாடம். நாவுக்குத்தான் அது எட்டவில்லை.

அவளுடைய தாய் மாம்பழக் கூழ் ஆலையில் பழம் தரம் பிரிப்பவர். அன்றிரவு காலை நீட்டி அமர்ந்தபடி, "பதினெட்டு வருசமா இதத்தானே செஞ்சினு வரேன்" என்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். தேடிய காலம் அந்த 'வரேன்' என்ற சொல்லில் இருந்தது. செய்துவருகிறேன், வாழ்ந்துவருகிறோம் என்னும்போது, பின்னால் தொடங்கிய செயல் நம்மை நோக்கி நடந்து வருகிறது. தெலுங்கின் 'சேஸ்தூ வஸ்துன்னானு' என்பதும் அதுவே.

மறுநாள் முதல் தாயின் வேலையே அவளுக்குப் பயிற்சி ஏடாயிற்று. காலையிலிருந்து பழம் பிரித்துவருகிறார்: 'ஷி ஹாஸ் பீன் சார்ட்டிங் மேங்கோஸ் சின்ஸ் மார்னிங்.' இதுவரை நாற்பது கூடை பிரித்திருக்கிறார்: 'ஷி ஹாஸ் சார்ட்டட் ஃபார்ட்டி பாஸ்கெட்ஸ்.' எவ்வளவு நேரமாக என்றால் 'வருகிறார்'. எத்தனை முடிந்தது என்றால் 'இருக்கிறார்'. 'பத்து ஆண்டுகளாக அவரைத் தெரியும்' என்கிறோமேயன்றி 'தெரிந்துவருகிறது' என்பதில்லை. ஆங்கிலமும் அங்கே 'ஹேவ் நோன்' என்பதோடு நின்றுகொள்ளும்.

இப்போது மாலைகளில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு அவள் ஆங்கிலம் கற்பித்துவருகிறாள். தவறு செய்யும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதில்லை, "இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்கிறாள். சொன்னதும் பாதி திருத்தம் முடிந்துவிடுகிறது.

இந்த ஆண்டு மாம்பழப் பருவத்தில் தாய் ஆலைக்குப் போகவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வழக்கமான எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதிய மகள், 'ஹாஸ் பீன் வொர்க்கிங்' என்பதை அழித்து 'வொர்க்ட்' என்று எழுதினாள். ஏன் மாற்றினீர்கள் அக்கா என்றான் ஒரு சிறுவன். திண்ணையில் இருந்த தாய்தான் பதில் சொன்னார்:

"நின்னுட்டேன் இல்ல, அதான்."