பெரிய வாய்க்காலும் சிற்றுயிர்களும்

மிஷன் வீதியில் உள்ள சம்பா கோயிலில் வழிபட்டு, கப்புச்சின் துறவியரின் பெயரால் கப்ஸ் கோயில் என்று மக்கள் வழங்கும் கடற்கரை ஆலயத்தையும் காணக் கிழக்கே நடப்பவர், இடையில் ஒரு வாய்க்காலைக் கடந்தாக வேண்டும். அதுவே புதுச்சேரியின் பெரிய வாய்க்கால். பிரெஞ்சு ஆட்சியில் வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் பிரித்து நின்ற எல்லைக்கோடு அது. கோடைநாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு விரைகிறவர்களே மிகுதி. அன்பு வாசகரே, நாம் சற்றே நின்று அந்நீரைப் பற்றி எண்ணிப் பார்ப்போம்.

பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தை யாவரும் அறிவர். மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நன்னீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்தது அது. வந்த நீருக்கு வெண்ணிற மண்டபம்! வெளியேறும் நீரை நினைக்கவோ நமக்குக் கூசுகிறது. ஆயினும் அந்நீரைத் தூய்மையாக்கும் பணியாளர் உளர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அவர்கள்.

நீரின் அழுக்கை அளப்பதற்கும் அவையே துணை. மாதிரி நீரை மூடிய குப்பியில் 27 பாகை வெப்பத்தில் 3 நாள் வைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவைச் செலவிட்டன என்று கணக்கிடுவது நம் நாட்டு முறை. அழுக்கு மிகுந்தால் செலவும் மிகும். குளிப்பதற்கேற்ற நீரில் இவ்வளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டலாகாது. வீட்டுக் கழிவுநீரிலோ அது 200 மில்லிகிராம் அளவுக்கு உயர்வது வழக்கம்.

காற்றில்லாமலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டென்று 1861-ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். காற்றை நாடுவன, காற்றை வெறுப்பன ஆகிய இருவகையும் அழுக்கைத் தின்பனவே. இலாசுப்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை ஆகிய மூவிடங்களிலும் நாளொன்றுக்கு 1 கோடியே 70 லட்சம் லிட்டர் கொள்ளளவில் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்கள், முதல் வகையின் உழைப்பை நம்பியவை. தொட்டிக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்ணும். காற்றை நிறுத்தினால் சேறாய் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை வடித்துவிடுவர்.

காற்றில்லாத குழாய்க்குள் தேங்கிய கழிவுநீரில் நிகழ்வதோ வேறு. அங்கே வாழும் சில நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றமுடைய அவ்வாயு, அளவு மிகும்போது முகரும் புலனையே மரக்கச் செய்துவிடும். 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வீடுகளுக்குள் புகுந்த நச்சுவாயு, ஒரு பள்ளிச் சிறுமி உட்பட மூன்று பெண்களின் உயிரைப் பறித்தது. விடியற்காலையில் வழக்கம்போல் எழுந்தவர்கள் அவர்கள். சாக்கடை பிறர் காரியம் என்று இனியும் நாம் இருக்கலாகுமோ?

அதே காற்றில்லா உயிர்களை முறையாக வேலை வாங்கவும் இயலும். கடலூர் சாலையில், தவளக்குப்பத்திலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர், அடைப்புள்ள தொட்டிகள் பலவற்றை அடுத்தடுத்துக் கடக்கிறது. பின்னர் சரளைக்கல்லில் செடிகள் வளரும் பாத்திகளின் வழியே ஊறி, திறந்த குளத்தில் வெயிலும் காற்றும் பெற்று, தோட்டத்துக்குப் பாய்கிறது. பெரும் இயந்திரங்கள் அங்கில்லை. பொறுமையே அங்கு இயந்திரம்.

மண்ணுக்கும் இம்மருத்துவம் பொருந்தும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் படிந்தபோது, வாரியெடுத்த எண்ணெய்ச் சேற்றைக் குழிகளிலிட்டு, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைக் கலந்தனர். ஆனால் இவற்றின் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்க முடியாது. உருமாற்ற மட்டுமே முடியும். ஆதலால் அத்தகைய நஞ்சு மண்ணில் சேராமல் காப்பதே முதல் மருந்து.

இவற்றிலிருந்து நம் இல்லங்களுக்குச் சில கடமைகள் பிறக்கின்றன. கழிவறைக் கோப்பையின் கீழ், எப்போதும் நீர் நின்று வாயுவைத் தடுக்கும் வளைகுழாய் உண்டா என்று இன்றே பாருங்கள். கழிவுத் தொட்டியின் காற்றுக்குழாயை அடைக்காதீர்கள். அமிலத்தையும் பழைய எண்ணெயையும் அதில் கொட்டாதீர்கள். அமிலம் அங்குள்ள உழைப்பாளிகளைக் கொன்றுவிடும், எண்ணெய் குழாயை அடைத்துவிடும். வாய்க்காலில் குப்பையை எறியாதீர்கள். தொட்டியைத் தூய்மைசெய்ய எந்த மனிதரையும் உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பின்றி இறக்குவதைத் தடைசெய்கிறது, மனச்சாட்சியோ அதற்கு முன்பே தடைசெய்தது.

சிற்றுயிர்கள் நம்மிடம் கூலி கேட்பதில்லை. சிறிது காற்று, சிறிது காலம், நஞ்சு கலவாத உணவு ஆகிய இவையே அவை வேண்டுவன. இவற்றை நாம் கொடுத்தால் வாய்க்கால் தெளியும். மறுத்தால் அதன் நாற்றம் நம் வாசலோடு நின்றுவிடாது.