மகளுக்கு எட்டாம் மாதம்... செவலைக்கு ஆறாவது வாரம்! ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் அரிப்பு வந்தபோது

நாகூரைத் தாண்டி காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும் வருகிற ஊர் கீழவாஞ்சூர். வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் எல்லையோர மதுக்கடைகளைத்தான் சொல்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ 2009-ல் வந்த துறைமுகமும், அங்கே இறங்கும் நிலக்கரியும்தான் அன்றாடப் பேச்சு. வெள்ளைச் சட்டை கறுத்தாலும் நிலக்கரி, இருமல் வந்தாலும் நிலக்கரி. அதனால்தான் செவலைக்கு முதலில் அரிப்பு வந்தபோது, "தூசிதான், வேறென்ன" என்று அந்த வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

செவலை நாட்டு நாய். நான்கு வயது. அவளை வளர்ப்பவர் மீன் விற்கும் பெண்மணி, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார், எட்டாம் மாதம். அதே நேரத்தில் செவலையும் சினை. நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். இரண்டு மாதம்தானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், மனிதருக்குப் பத்து மாதத்தில் நடப்பதெல்லாம் அதற்கு ஒன்பது வாரத்துக்குள் நடந்து முடிய வேண்டும். அந்த அவசரத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் தளர்வதும், மற்ற நாளில் அடங்கிக் கிடந்த தோல் தொல்லை தலைதூக்குவதும் உண்டு.

முதலில் காது ஓரம். பிறகு முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு. ராத்திரி முழுக்கத் திண்ணையில் 'டக் டக்' என்று கால் தரையில் அடிக்கும் சத்தம். இரண்டு வாரத்தில் காது விளிம்பில் முடி கொட்டி, தோல் தடித்து, சாம்பல் பூத்ததுபோல ஆகிவிட்டது.

வைத்தியம் சொல்ல ஆள் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். அதில் பெரிய ஆபத்தில்லை, பலனும் பெரிதாக இல்லை. இன்னொருவர் விசைப்படகு இன்ஜினில் இருந்து வடித்த கழிவு ஆயிலை ஒரு கேனில் கொண்டுவந்தே கொடுத்துவிட்டார். கடற்கரை ஊர்களில் இது பழைய பழக்கம். சொறி நாய் என்றாலே கழிவு ஆயிலை ஊற்றுவார்கள். பூச்சி மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்று கணக்கு. நாய் சும்மா இருக்குமா? நக்கும். எண்ணெயோடு அதில் கலந்திருக்கும் உலோகக் கசடும் வயிற்றுக்குள் போகும். தோல் வெந்துபோவதும் உண்டு. குட்டி சுமக்கும் நாய்க்கு அதைவிடக் கெடுதல் வேறு வேண்டாம். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயும் இதே ரகம்தான். கற்பூரம் நாய்க்கு விஷம்.

அந்த அம்மா ஆயில் கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால், ஒரு மருந்துக்கடையில் 'படர்தாமரைக்கு' என்று கேட்டு க்ரீம் ஒன்று வாங்கி வந்தார். நான்கே நாளில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பத்தாவது நாள் முன்பைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், நம் ஊரில் மனிதர்களின் படர்தாமரை தீராமல் இழுத்தடிப்பதற்கும் இதே க்ரீம்கள்தான் காரணம். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கும், காரணத்தை அப்படியே விட்டுவிடும். அத்தோடு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். சினை நாய்க்கு ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ போட்டால் குட்டி கலைந்துபோகலாம், நாள் நிறையும் முன்பே வெளியே வரலாம், பிளந்த அண்ணத்தோடு பிறக்கலாம். பூசிய க்ரீமையும் நாய் நக்கத்தான் செய்யும்.

அதற்குள் இன்னொரு விஷயம் ஆரம்பித்திருந்தது. மகளின் முன்னங்கையிலும் இடுப்பிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். செவலை தலை சாய்த்துப் படுக்கிற இடங்கள் அவை.

செய்தி கடலூரில் இருந்த மாப்பிள்ளைக்குப் போனது. அன்றிரவே போன் வந்துவிட்டது. "அத்தை, கொழந்த பொறக்குற வரைக்கும் அந்த நாய எங்கயாச்சும் கொண்டுபோய் விட்ருங்க. துறைமுகம் பக்கம் நெறைய நாய் கெடக்கு. அதுகளோட பொழச்சுக்கும்."

"அதுவும் புள்ளத்தாச்சிதான மாப்ள... இந்த வயித்தோட எங்க கொண்டுபோயி விடுறது?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா. மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதல் குழந்தை, தூரத்து ஊரில் வேலை, மனைவி உடம்பில் புள்ளி என்றால் யாருக்கும் பதறும். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கும்படி தெருவில் விடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். சொறி பிடித்த நாயை இன்னொரு நாய்க் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டால், அந்தக் கூட்டம் முழுவதற்கும் சொறி பரவும். அங்கிருந்து ஊருக்குள் திரும்பி வரும்.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து காரைக்கால் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் முதலில் மருந்தைத் தொடவில்லை. செவலையின் காது விளிம்பை மடித்து, இரண்டு விரலால் லேசாகத் தேய்த்தார். உடனே பின்னங்கால் தானாகக் காற்றில் சொறிய ஆரம்பித்தது. சொறி உண்ணி இருக்கும் நாய்களில் பெரும்பாலானவை இப்படிச் செய்யும். பிறகு தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முதல் கண்ணாடித் துண்டில் ஒன்றுமில்லை. நான்காவதில் ஒன்றே ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. இந்த வகை உண்ணி சுரண்டலில் அகப்படாமல் போவது சகஜம் என்பதால், அகப்படாவிட்டாலும் அறிகுறியை வைத்தே வைத்தியம் தொடங்குவார்கள்.

நிலக்கரித் தூசிக்கு அன்றைக்கு விடுதலை. தூசியால் தோல் எரிச்சல் வரலாம், ஆனால் காது விளிம்பையும் முழங்கையையும் பார்த்துப் பார்த்துப் பிடிக்காது.

இந்த உண்ணி வெறும் கண்ணுக்குத் தெரியாது. பெண் உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். முட்டை பொரிந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறை முட்டையிட ஏறத்தாழ மூன்று வாரம். மனிதருக்கு வரும் சிரங்குக்கு இதன் நெருங்கிய உறவினர்தான் காரணம் என்பதை 1687-லேயே இத்தாலியில் பொனோமோ என்ற மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். அதன் பிறகும் நெடுங்காலம் 'ரத்தக் கெடுதி' என்றே உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள்.

சினை நாய் சொறிந்தால் எல்லாமே இந்த உண்ணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாலடியிலும் இடுப்பிலும் கடித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி, சீவும்போது உதிரும் கறுப்புத் துகளை அதில் போட்டால் சிவப்பாகக் கரையும். அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். வட்ட வட்டமாக முடி கொட்டினால் பூஞ்சையாக இருக்கலாம். மழைக்காலத்தில் காதும் தோல் மடிப்பும் புளித்த வாடை அடித்தால் ஈஸ்ட். கடைசி வாரங்களில் வயிற்றிலும் மடிக்காம்பைச் சுற்றியும் முடி மெலிவது இயற்கை, அரிப்பில்லாவிட்டால் கவலையே வேண்டாம். பிரசவம் நெருங்கும்போது தரையைப் பிறாண்டுவதும் நோயல்ல. குட்டி போட இடம் தேடுகிறது, அவ்வளவுதான்.

சரி, மருந்து? இங்கேதான் சினை நாய்க்கும் மற்ற நாய்க்கும் பெரிய வித்தியாசம். பூஞ்சைக்குத் தரும் கிரிசியோஃபுல்வின் மாத்திரை வயிற்றுக் குட்டிக்கு ஊனம் உண்டாக்கும். டாக்ஸிசைக்ளின் குட்டிகளின் பல்லைக் கறைப்படுத்தும். சொறிக்குத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டும் அமிட்ராஸ் கரைசலைச் சினை நாய்க்கும் பாலூட்டும் நாய்க்கும் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

கிராமங்களில் அதிகம் புழங்கும் இன்னொன்று ஐவர்மெக்டின். அருமையான மருந்துதான். அதைத் தந்த வில்லியம் கேம்பலுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால், மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மிச்சமிருப்பதைக் கண்ணளவாக நாய்க்கும் குத்திவிடும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் பயங்கரம். பல நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கென்று தயாரித்த அடர்த்தி அது. பதினைந்து கிலோ நாய்க்குச் சொட்டுக் கணக்கு தவறினாலும் தள்ளாட்டம், வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். கோலி போன்ற சில இன நாய்களுக்கு வழக்கமான சொறி அளவே மூளையைத் தாக்கிவிடும்.

மருத்துவர் செவலையைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தார். பிடரியில் முடியை விலக்கித் தோலில் நேராகச் சொட்டும் செலமெக்டின் மருந்தைத் தேர்ந்தெடுத்தார். சினை நாய்களிலும் பாலூட்டும் நாய்களிலும் சோதித்துப் பார்த்த மருந்து அது. ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு முறை. பக்கத்து வீட்டில் செவலையோடு விளையாடும் ஒரு கறுப்பு நாய்க்கும் சேர்த்தே போட வேண்டும் என்றார். அந்தக் காசையும் இந்த அம்மாதான் கொடுத்தார்.

"இன்னிக்குப் போட்டா நாளைக்கே நிக்குமா சார்?"

"நிக்காதும்மா. செத்த உண்ணி தோலுக்குள்ளயே கெடக்கும், அது கரையிற வரைக்கும் அரிக்கும். மூணு வாரம் பொறுங்க. நடுவுல வேற எதையும் பூசிடாதீங்க."

வீட்டில் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். செவலை படுத்த சாக்கை எரித்தார்கள். பழைய பருத்திப் புடவை இரண்டைக் கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்து மாற்றி மாற்றி விரித்தார்கள். நாய் உடம்பை விட்டு இறங்கிய உண்ணி சில நாள் தாங்கும், ஆகவே திண்ணையைத் தினமும் கழுவினார்கள். பினாயிலை நாய் படுக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது. பாதத்தில் ஒட்டியதை நக்கும். சொறிந்து புண்ணான இடத்துக்குக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பத்து நிமிடம் நுரை நிற்க வேண்டும், பிறகு மிச்சமில்லாமல் அலச வேண்டும். தூக்கும்போது வயிற்றில் கை கொடுக்காமல், ஒரு கையை நெஞ்சுக்கு அடியிலும் மறு கையைத் தொடைக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்கினார் அந்த அம்மா. மீன் கூடை தூக்கிப் பழகிய கை.

சாப்பாட்டில் ஒரே மாற்றம். கருவாட்டுத் தலை நின்றது. உப்பில்லாமல் வேகவைத்த மீனும் சோறும் முட்டையும், ஒரே வேளையில் கொட்டாமல் நான்கு வேளையாக. கடைசி மூன்று வாரத்தில் குட்டிகள் இரைப்பையை நெருக்குவதால் நிறையச் சாப்பிட முடியாது, ஆனால் தேவை கூடும். யாரோ கால்சியம் சிரப் வாங்கி வந்தார்கள். மருத்துவர் வேண்டாமென்றார். சினையில் தேவையில்லாமல் கால்சியம் கொடுத்தால், குட்டி போட்ட பின் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இழுப்பு வரும் அபாயம் கூடும். மனிதக் கர்ப்பத்தின் பழக்கத்தை நாய்க்கு அப்படியே ஏற்றக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மகள் விஷயத்துக்கு வருவோம். நாயின் சொறி உண்ணி மனிதத் தோலில் ஏறிக் கடிக்கும், ஆனால் அங்கே குடும்பம் நடத்த அதனால் முடியாது. நாய்க்குச் சரியானால் மனிதருக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாக அடங்கிவிடும். வயிற்றுக் குழந்தையை அது தொடுவதில்லை. கர்ப்பிணிகள் பயப்படும் டாக்ஸோபிளாஸ்மா தொற்றும் பூனையின் கழிவு, வேகாத இறைச்சி போன்றவற்றால் வருவது. நாயைத் தொட்டுக் கொஞ்சுவதால் வருவதல்ல.

இருந்தாலும் 'நாயால்தான் வந்தது' என்று விட்டுவிடாமல் மகளை அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போனது சரியான காரியம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்து, தோலில் புள்ளி ஏதும் இல்லாமல் இருந்தால் அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. குழந்தைக்கு ஆபத்து தரக்கூடியது, தள்ளிப்போடக் கூடாது. மகளுக்கு அது இல்லை. பூசுவதற்கு ஒரு லோஷன், செவலையைக் கொஞ்ச நாள் மடியில் படுக்க விடாதே என்ற அறிவுரை, அவ்வளவுதான். பரிசோதனைச் சீட்டைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினார் மகள். "சரி, திண்ணையோட இருக்கட்டும்" என்று பதில் வந்தது.

மூன்றாவது வாரம் செவலையின் காதில் பூனைமுடிபோல மெல்லிய முடி தெரிந்தது. நாலைந்து நாளில், கொல்லைப்புறத்தில் விரித்திருந்த புடவையில் ஐந்து குட்டிகள். ஒன்று தங்கவில்லை. மகளுக்கு அதைச் சொல்லாமல் நான்கு என்றே சொன்னார்கள்.

குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகும்வரை அந்தச் சொட்டு மருந்து கிடையாது. பால் குடிக்கும் குட்டியின் மேல் தெள்ளுப்பூச்சி சேர்ந்தால் ரத்தம் குறைந்து சோர்ந்துவிடும் என்பதால், அந்த அம்மா மீன் விற்றுத் திரும்பியதும் கை கழுவிவிட்டு, ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் பேன் சீப்புமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சீவிவிடுகிறார். முதல் வாரம் பல்லைக் காட்டிய செவலை, இப்போது பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.